ஏரி இருந்த இடம் தி.நகர்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது; பார்ப்பதற்கு லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் டேங்க் பண்ட் ரோடும் இருக்கின்றன. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலேயர் லாங் டேங்க் என்று அழைத்த நீர்ப்பரப்பின் மிச்சங்கள். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்து, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை சுமார் 6 கிலோமீட்டர் நீண்டு கிடந்தது அது.

அழகுக்காக வெட்டிய ஏரி அல்ல, பாசன ஏரி. மாம்பலம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். அந்த ஜில்லாவே ஏரியை நம்பிப் பிழைத்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வாரியம் வருகிறது.

அந்தப் பக்கத்து ஏரிகளின் கணக்கு எளிமையானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். சம்பா மழையிலேயே பாதி விளைந்துவிடும். மீதிக்கு ஏரித் தண்ணீர். தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும், ஏரியில் நிற்கும் தண்ணீரை அளந்து பார்த்து நவரை எத்தனை காணி நடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்யும். தண்ணீர் குறைவென்றால் மதகுக்கு அருகில் உள்ள நிலத்துக்கு மட்டும் நடவு. மதகைத் திறப்பதும் மடை மாற்றுவதும் நீர்க்கட்டியின் வேலை. நிலக்காரர் தாமாகப் போய் மடையை வெட்டக் கூடாது. நீர்க்கட்டிக்குக் கூலி களத்துமேட்டில் நெல்லாகக் கிடைக்கும்.

உரிமைக்கு அன்று சொன்ன பெயர் மாமூல். நஞ்சைத் தீர்வை கட்டும் நிலத்துக்கு மாமூல்படி தண்ணீர் விட வேண்டியது சர்க்காரின் பொறுப்பு. இரண்டாம் போகத்துக்குப் பசலி ஜாஸ்தி தனி. ஆயக்கட்டில் இல்லாதவன் தண்ணீர் எடுத்தால், 1865-ம் வருஷத்துப் பாசனத் தீர்வைச் சட்டப்படி அதற்கும் வரி. கலங்கலின் உயரத்தைக்கூட யாரும் இஷ்டப்படி மாற்ற முடியாது. நாலு பலகை வைத்து உயர்த்தினால் மேல் ஊர் வயல் மூழ்கும். இடித்துத் தாழ்த்தினால் கீழ் ஊர் வயல் காயும். இதற்காக நடந்த அடிதடிகளும் வழக்குகளும் கொஞ்சமல்ல.

இப்படிப் பாதுகாத்த ஏரிக்கு எமனாக வந்தது நகரம். 1921 கணக்கெடுப்பில் சென்னையில் 5 லட்சத்து 27 ஆயிரம் பேர். 1931-ல் 6 லட்சத்து 47 ஆயிரம். 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923-ல் ஏரியை வடித்து மனை போட ஆரம்பித்தார்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார் பெயர் ஊருக்கும், அப்போதைய பிரதம மந்திரி பனகல் ராஜா பெயர் பூங்காவுக்கும் வந்தன. நுங்கம்பாக்கம் பக்கத்தில் 1925-ல் லயோலா கல்லூரி எழுந்தது. அங்கே மிஞ்சியிருந்த ஏரிப்பகுதியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள்.

அன்று யாரும் பெரிதாகத் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். என் எண்ணம் இது: ஏரியைக் காத்தது பக்தியோ சட்டமோ மட்டுமல்ல, அதன் தண்ணீரில் பங்கு உள்ளவனின் வயிறு. வயல் மனையாகிவிட்டால் மதகைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட ஆள் இல்லை. ஆயக்கட்டு போனால் ஏரி வெறும் பள்ளம். செம்பரம்பாக்கமும் புழலும் பாசன ஏரிகளாக இருந்தவைதான். புழல் 1872 முதல் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. புதிய பங்காளி கிடைத்ததால் அவை பிழைத்தன. நம் ஏரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஏரி போனது; ஐப்பசி மழை போகவில்லை. இப்போது அந்த மழைக்கு வழி, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி தி.நகர் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் ஒன்றே. பாசனக் கால்வாய் என்றால் வருஷா வருஷம் கோடையில் தூர் வாரக் குடிமராமத்துக்கு ஆள் வந்திருக்கும். இதற்கு உரிமை கொண்டாட யாரும் இல்லாததால் குப்பை கொட்ட எல்லோரும் இருக்கிறோம். 2021 நவம்பரில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது பலரும் மழையைத் திட்டினார்கள். தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்து நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள். ஏரிக்கரை, மதகு, வாய்க்கால் என்று ஏதாவது எழுதியிருந்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே சாட்சி.