எட்டெப்ளிர்சென்

எட்டெப்ளிர்சென் டூஷென் தசைச்சிதைவு நோய்க்கான மருந்து. நோய்க்குக் காரணமான மரபணுச் செய்தியைக் குறிவைத்து இது செயல்படுகிறது. அமெரிக்காவின் சரெப்டா தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் இதை எக்ஸான்டிஸ் 51 என்ற பெயரில் விற்கிறது.

நோய்

டூஷென் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோய். எக்ஸ் குரோமோசோமிலுள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணு பழுதுபடுவதே காரணம். தசை இழைகளைச் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் உருவாகாததால், சிறுவர்கள் பதின்பருவத்தை எட்டும் வேளையில் நடக்கும் ஆற்றலை இழக்கிறார்கள். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் பலவீனமடைகின்றன. இம்மரபணுவை 1986-87இல் பாஸ்டனில் லூயி குங்கெல் குழுவினர் கண்டறிந்தனர்.

செயல்படும் விதம்

இம்மரபணுவில் எக்ஸான் எனப்படும் 79 பகுதிகள் உள்ளன. அதன் செய்தியைச் செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ‘மரம்கடல்நிலம்’ என்பதில் ஓர் எழுத்து விழுந்தால் ‘மரக, டல்நி, லம்’ என அதன்பின் எல்லாமே குழம்பிவிடும். ‘கடல்’ முழுதாக விழுந்தாலோ மற்ற இரண்டும் பிழைத்துக்கொள்ளும். 50ஆம் எக்ஸான் இல்லாத நோயாளியிடம் 49உம் 51உம் பொருந்துவதில்லை. எட்டெப்ளிர்சென் 51ஐ மறைக்க, 49உம் 52உம் சரியாக இணைகின்றன. குட்டையான, ஆனால் ஓரளவு பயன்படும் புரதம் கிடைக்கிறது. இத்தகைய குட்டைப் புரதம் உள்ளவர்களுக்கு வருவது கடுமை குறைந்த பெக்கர் தசைச்சிதைவு என்ற உண்மையே இம்முறைக்கு அடிப்படை. மரபணுவின் பழுது அப்படியே இருப்பதால், உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் வாரந்தோறும் சிரைவழி செலுத்தவேண்டும்.

ஒப்புதலும் சர்ச்சையும்

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 செப்டம்பர் 19 அன்று விரைவு ஒப்புதல் வழங்கியது. ஒப்புதலுக்கு ஆதாரமான ஆய்வில் அளவிட முடிந்த 12 பேரிடம், 48 வாரங்களில் டிஸ்ட்ரோஃபின் இயல்பளவில் சராசரியாக 0.16இலிருந்து 0.44 விழுக்காடாகவே உயர்ந்திருந்தது. இது போதாது என்று அமைப்பின் அறிவியலாளர்கள் சிலர் எதிர்த்தனர். நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒப்புதல் கோரிப் போராடினர். ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் மறுத்துவிட்டது.

வரம்புகள்

51ஐ மறைத்தால் செய்தி சீராகும் பழுது உள்ளவர்களுக்கே, அதாவது டூஷென் நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினருக்கே, இம்மருந்து பொருந்தும். அதனால் எந்த எக்ஸான் விடுபட்டுள்ளது என்பதை மரபணுச் சோதனையில் அறிவது முதல் தேவை. 53ஆம் எக்ஸானை மறைக்கக் கோலோடிர்சென், வில்டோலார்சென், 45ஆம் எக்ஸானை மறைக்கக் காசிமெர்சென் ஆகியவை பின்னர் வந்தன. இவ்வகை மருந்துகள் இதயத் தசைக்குள் அரிதாகவே நுழைகின்றன. எனவே ஸ்டீராய்டு, இயன்முறை மருத்துவம், இதய, சுவாசக் கண்காணிப்பு ஆகியவற்றை இம்மருந்து பெறும் பிள்ளைகளும் தொடரவேண்டும்.