எரிவாயுவும் எடை குறைந்த காரும்

கார் தோன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் 1886ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில்தான் செருமானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர ஊர்திக்கு உரிமம் பெற்றார். ஆயின், அதற்கு முந்திய கால் நூற்றாண்டை விட்டுவிட்டால், பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்குக் காரணம் விளங்காமற் போகும். 1860இல் பாரிசு நகரில் எத்தியேன் லெனுவார் அமைத்த இயந்திரமும், 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ நிறைவு செய்த நான்கு வீச்சு இயந்திரமும் பெட்ரோலை நம்பிப் பிறந்தவை அல்ல. தெருவிளக்குகளுக்கென நிலக்கரியிலிருந்து வடித்தெடுத்த வாயுவே அவற்றின் உணவு. அவை பட்டறையில் ஓரிடத்தில் நின்று, குழாய் வழியே வந்த வாயுவை உண்டு உழைத்தன. இன்று மாற்று எரிபொருள் என்று பேசப்படும் வாயுவே உண்மையில் மூத்த பிள்ளை. பெட்ரோல் பின்னர் வந்த இளையது.

அவ்வியந்திரத்தைச் சாலைக்குக் கொண்டுவர முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது. குழாயை அறுத்துக்கொண்டு புறப்பட்டால் வாயுவை எதில் சுமப்பது? பெட்ரோலுக்கு ஒரு தகரக் கலன் போதும். வாயுவுக்கோ அது போதாது. இன்றைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகு உருளை ஒன்று வெறுமையாக இருக்கும்போதே ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் அதனுள் அடங்கும் இயற்கை எரிவாயு சுமார் 10 கிலோதான். அது தரும் ஆற்றல் 15 லிட்டர் பெட்ரோலுக்கு நிகராகும். பத்துக் கிலோ உணவை எடுத்துச் செல்ல அறுபது கிலோ பாத்திரம்! பெட்ரோல் வென்றது அதன் ஆற்றலால் அன்று; சுமப்பதற்கு எளிதாய் இருந்தமையால் எனலாம்.

பெட்ரோல் கிடைக்காத காலங்களில் மட்டும் மூத்த பிள்ளையின் நினைவு உலகுக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பேருந்துகளின் கூரை மீது பெரும் பைகளைக் கட்டி, நிலக்கரி வாயுவை நிரப்பி ஓட்டினர். இரண்டாம் உலகப் போரில் அந்நிலை மலாயாவுக்கும் வந்தது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ சப்பானியர் வசமாயிற்று. பெட்ரோல் படைக்குப் போனது. பொதுமக்களின் பேருந்துகளும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. ஊர்தியின் பின்புறம் உயரமான உருளை அடுப்பொன்று பொருத்தப்பட்டது. அதில் மரக்கரியைக் கொட்டி, காற்றைக் குறைவாகச் செலுத்தி எரித்தால், கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வெளிப்படும். அதனைக் குளிர்வித்து, தூசு வடிகட்டி, இயந்திரத்துக்குள் செலுத்தினர். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே அடுப்பை மூட்ட வேண்டும். வேகம் குறைவு, மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அவ்வாயு உயிரைக் குடிக்கும் நஞ்சு என்பதையும் மறக்கலாகாது. பேராவில் கரிக்குக் குறைவில்லை. மாத்தாங்கின் அலையாத்திக் காடுகளும், கோலா செப்பாத்தாங் கரிச்சூளைகளும் இன்றும் பெயர் பெற்றவை. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் கரிவாயுப் பேருந்துகள் புகைந்துகொண்டு ஓடின.

தோட்டங்களின் நிலையோ வேறு. அமெரிக்கச் சந்தையும் ஐரோப்பியச் சந்தையும் அடைபட்டதனால், ரப்பர் விலைபோகாத பண்டமாயிற்று. வாங்குவாரற்ற அந்த ரப்பரையே காய்ச்சி வடித்து, எரிநெய்யும் மசகெண்ணெயும் எடுக்கும் முயற்சிகள் மலாயாவில் நடைபெற்றன. பால்மரம் சக்கரத்துக்கு டயர் தந்தது யாவரும் அறிந்ததே. இயந்திரத்துக்கு எரிநெய்யும் தந்தது என்பதைப் பலர் அறியார். அம்மரங்களை வெட்டிப் பால் எடுத்த கைகளுள் பல்லாயிரம், அந்நேரத்தில் சயாம் இரயில் பாதையில் மண் சுமந்துகொண்டிருந்தன. எரிபொருளின் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு வரி உரியது.

சுமையின் சிக்கலுக்கு மற்றொரு தீர்வும் உண்டு. எரிபொருளின் கலனைக் குறைக்க இயலாவிடில் ஊர்தியின் எடையைக் குறைக்கலாம். தமிழரிடையே இவ்வெண்ணத்தைச் செயலில் காட்ட முனைந்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1893இல் கலங்கல் சிற்றூரில் பிறந்து, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய அவர், 1952இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அரசின் உரிமம் கிடைக்காததால் அது பெருமளவில் உற்பத்தியாகவில்லை. எளியவனின் கார் என்று பல பத்தாண்டுகள் கழித்து இந்தியாவில் பேசப்பட்டதெல்லாம், அந்தப் பட்டறையில் முன்பே வடிவம் பெற்றிருந்தது. திறமை இருந்தும் தாள் ஒன்று இல்லாமையால் நின்றுபோன முயற்சிகளுள் இதற்கே முதலிடம் தரலாம்.

மலேசியாவில் வாயு மீண்டும் தலையெடுத்தது வறுமையால் அன்று, வளத்தால். 1974இல் பெட்ரோனாஸ் நிறுவனம் தோன்றியது. திரெங்கானு கடலடியில் கிடைத்த எரிவாயு, கெர்த்தே ஆலையில் தூய்மையாக்கப்பட்டு, தீபகற்பம் முழுவதும் குழாய்களில் செல்லலாயிற்று. 1990களில் அக்குழாய் மேற்குக் கரையோரமாகப் பேராவின் ஊடே வடக்கு நோக்கி நீண்டது. 1980களில் திரெங்கானுவில் சோதனையாகத் தொடங்கிய எரிவாயு ஊர்தித் திட்டம், 1990களில் கிள்ளான் பள்ளத்தாக்கை எட்டியது. பெட்ரோலை விடப் பெரிதும் மலிவு என்பதால் டாக்சி ஓட்டுநர்கள் அதனை விரும்பினர். எரிவாயுவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'என்வைரோ 2000' என்னும் டாக்சிகளும் தலைநகரில் ஓடின. எனினும் பெரும்பான்மையோர் செய்தது எளிய வேலை: புரோட்டோன் காரின் பின்புறச் சாமான் பெட்டிக்குள் ஓர் எஃகு உருளையைப் பொருத்திக்கொண்டனர்.

இதனை ஓட்டியவர்கள் யார் என்பதையும் நோக்க வேண்டும். சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது, லயத்து இளைஞர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லாரியும் டாக்சியும் அவர்களுள் பலருக்குச் சோறு போட்டன. எரிவாயுவால் அன்றாடம் மிஞ்சிய வெள்ளி, பிள்ளைகளின் புத்தகக் காசாகவும் வீட்டு வாடகையாகவும் ஆயிற்று. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. எரிவாயு நிலையங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியே அமைந்தன. அங்கும் நீண்ட வரிசையில் காத்திருக்க வேண்டும். விமான நிலையத்துக்குப் போகும் குடும்பம் தன் பெட்டிகளை வைக்க இடமின்றி மடியில் வைத்துக்கொள்ளும். அறுபது கிலோவை ஓயாமல் சுமந்த காரின் பின்புறமும் தாழ்ந்தே ஓடியது.

இங்கே ஒரு விந்தை உள்ளது. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. எடையைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்ட காலின் சாப்மன் நிறுவிய தொழிலகம் அது. அதன் எலீஸ் என்னும் பந்தயப் பாங்குக் கார், அலுமினியத் துண்டுகளைப் பற்றவைக்காமல் பசையால் ஒட்டிச் செய்த சட்டத்தின் மீது அமைந்தது. முதல் வகையின் எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. சில ஆண்டுகளில் பேராவின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில், புரோட்டோனின் புதிய ஆலையும் எழுந்தது. ஆக, உலகின் மிக இலகுவான கார்களைச் செய்யும் அறிவும், அவற்றை ஓட்டத்தக்க எரிவாயுவும் ஒரே நாட்டின் கையில், ஒரே காலத்தில் இருந்தன. அவை இரண்டும் சாலைக்கு வந்த ஒரு காரில் ஒன்றுசேரவில்லை. 2017இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனத்தின் கீலி நிறுவனத்துக்குச் சென்றது.

அச்சேர்க்கை வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள மாக்னா ஸ்டையர் நிறுவனம், 2005இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 'மீலா' என்னும் மாதிரிக் காரை வைத்தது. ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயப் பாங்குக் கார் அது, உடல் இலகுவானது, எரிபொருள் இயற்கை எரிவாயு. டாக்சிக்கும் சரக்கு வண்டிக்கும் உரியது என்று எள்ளப்பட்ட வாயுவை விரைவுக்கும் அழகுக்கும் உரியதாகக் காட்டியதே அதன் சிறப்பு. எடை குறைந்தால் எரிபொருள் குறைவாகத் தேவைப்படும். எரிபொருள் குறைந்தால் உருளை சிறிதாகும். உருளை சிறுத்தால் எடை மேலும் குறையும். 1860 முதல் வாயுவை வருத்திய சுழல் இங்குத் திசைமாறிச் சுழன்றது. அதே நிறுவனம் 2014இல் ஜெனீவாவில் காட்டிய 'மீலா புளூ', அதன் வகையைச் சேர்ந்த பிற கார்களினும் 300 கிலோ இலகுவாய், கிலோமீட்டருக்கு 49 கிராமுக்கும் குறைவான கரியமில வாயுவை வெளியிடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. இரண்டும் கண்காட்சி மேடையோடு நின்றன. கோயம்புத்தூரில் உரிமம் தடுத்தது; இங்கு விற்பனைக் கணக்கு தடுத்தது போலும்.

மலேசியச் சாலைகளில் ஓடிய உருளைகளோ முதுமை எய்தின. அவற்றின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள். அதனைக் கடந்த கலன்கள் ஆபத்தானவை என்பதைச் சுட்டி, போக்குவரத்து அமைச்சு 2024 நவம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: 2025 ஜூலை 1 முதல் ஊர்திகளுக்கான எரிவாயு விற்பனை முடிவுறும். அப்போது எஞ்சியிருந்த எரிவாயு ஊர்திகள் சுமார் 44,000. நாட்டின் மொத்த ஊர்திகளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய டாக்சிகளின் உருளைகள் கழற்றப்பட்டன. பயணிகளின் பெட்டிகளுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஓட்டுநரின் அன்றாட மிச்சம் மட்டும் போயிற்று.

அதே 2025இல் தஞ்சோங் மாலிமில் மின்கார்களைப் பொருத்தும் ஆலை திறக்கப்பட்டது. மின்காரின் மின்கலத் தொகுதி சில நூறு கிலோ எடையுள்ளது. அறுபது கிலோ உருளையைப் பழித்தவர்கள் அதனை இப்போது சுமக்கின்றனர். அம்மின்கலத்தில் ஏறும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் ஆக்கப்படுவது. லூமுட்டை அடுத்த செகாரியில், 1990களின் பிற்பாதியில் எழுந்த மின்நிலையத்துக்கு வந்ததும் திரெங்கானுவில் தொடங்கிய அதே குழாய்தான்.