சிம் லிம் கணினியும் முதல் லினக்ஸும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்துக்கு அருகே, ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் இருக்கிறது சிம் லிம் ஸ்குவேர் என்ற கணினி அங்காடி. கடைகளின் விலைப்பட்டியலை ஒப்பிட்டு மதர்போர்டு, பிராசசர், ரேம் எனத் தனித்தனியாக வாங்கிக் கணினி பூட்டியவர்களில் சிலர் லினக்ஸ் இயங்குதளத்தை நாடினர். 1993இல் பிறந்த லினக்ஸ் வகைகளான ஸ்லாக்வேரும் டெபியனும் பொறுமையைச் சோதித்தன. புத்தம்புது பாகங்களுக்கு டிரைவர் கிடைப்பது அரிதாக இருந்தது. 2000இல் வந்த நாப்பிக்ஸ்தான் பெரிய திருப்பம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே இயங்கி, சவுண்டு கார்டு பேசுகிறதா, நெட்வொர்க் இணைகிறதா என்று முன்கூட்டியே காட்டிவிட்டது. 2004இல் வந்த உபுண்டு, 2011 வரை சிடிக்களை இலவசமாகவே அஞ்சலில் அனுப்பியது. தமிழருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது, தமிழ் எழுத்துகளின் குறியீடு எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டிருந்தது. யூனிகோடு பரவிய பிறகே எந்த லினக்ஸிலும் தமிழ் ஒரேபோல் தெரிந்தது.