அம்பியர் முள்ளும் ஐந்து வோல்ட்டும்



ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் புது பைக் வாங்கியதும் முதல் வேலையாக கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் மாட்டுகிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. பழைய புல்லட்டின் முகப்பு விளக்கு மேல் சின்ன அம்பியர் மீட்டர் இருக்கும். பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று அந்த முள்ளைப் பார்த்து ஓட்டுபவரே தெரிந்துகொள்வார். கிக்கரை உதைக்கும் முன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதையும் அதே முள் காட்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் இழுப்பதும் அவர் வேலை.

2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2009-இல் கிளாசிக் 500-க்கும் வந்தது. 2013-இல் ஒரகடம் ஆலை திறந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி கட்டாயமானதும் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய்விட்டது. முன்பு மனிதன் பார்த்ததை இப்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்னக் கணினி பார்க்கிறது.

ஆனால் கணினிக்குச் சூடு தெரியாது, வோல்ட் மட்டும்தான் தெரியும். பள்ளியில் படித்த ஓம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை சென்சாருக்குக் கணினி ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், வோல்ட்டும் இறங்கும். அதைப் பார்த்துத்தான் பெட்ரோலின் அளவைக் கணக்கிடுகிறது.

வயர் முழுதாக அறுந்தால் வோல்ட் 5-ஐ ஒட்டி நிற்கும். இது நடக்க முடியாத அளவு என்று கணினி புரிந்துகொண்டு எச்சரிக்கை விளக்கைப் போடும். அரைகுறை ஜாயின்ட்தான் ஆபத்து. வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிய இடத்தில் ஐப்பசி மழைக்குக் களிம்பு ஏறும். மின்தடை கூடும். சென்சாரின் எர்த் வயரோடு விளக்கின் எர்த்தைச் சேர்த்தாலும் விளக்கு எரியும்போதெல்லாம் வோல்ட் சற்று உயரும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கணினி அதைக் குளிர்ந்ததாக நினைத்து பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாமலே போகலாம்.

நைட் ஷிப்ட் முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி திணறி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளக்கு போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் தொடக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, எர்த் நேராக பேட்டரியின் நெகட்டிவுக்கு. சென்சார் வயரில் மட்டும் கத்தி படக்கூடாது. உங்கள் வண்டி எவ்வளவு லோடு தாங்கும் என்று முதலில் சர்வீஸில் கேளுங்கள்.

வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்