கிணத்து மேட்டு கம்ப்ரசரும் மூணு கட்டுப்பாடும்

சின்ன வயசுல கோடை வந்தா, கடையநல்லூர்ப் பக்கம் தோட்டங்கள்ல டிராக்டர் கம்ப்ரசர் சத்தம் கேட்கும். கிணத்துல தண்ணி கீழே போயிரும். பாறையைத் துளைச்சு வெடி வெச்சு ஆழப்படுத்தணும். டிராக்டர் மேலே நிக்கும், ஹோஸ் வழியா காத்து இறங்கி ஜாக்ஹாமரை இயக்கும். உள்ளே இருக்கிறவர் துளை போடுறதை நிறுத்தினா, கொஞ்ச நேரத்துல முக்கிக்கிட்டிருந்த இன்ஜின் சத்தம் தானா லேசாயிரும். மேலே யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டாங்க.

ஒர்க் ஷாப்ல கரண்ட்ல ஓடுற கம்ப்ரசர்னா, டாங்க் நிறைஞ்சதும் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திடும். டீசல் இன்ஜினை அப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைச்சு ஸ்டார்ட் பண்ண முடியாது. அதனால ஓடவிட்டே வேலையை மட்டும் நிறுத்தணும். அதுக்குத்தான் அன்லோடர். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுன்னு வெச்சிருந்தா, அழுத்தம் அதைத் தொட்டதும் டாங்க் காத்தே வந்து, காத்து உள்ளே வர்ற வால்வைத் திறந்தபடி பிடிச்சுக்கும். பிஸ்டன் இழுத்த காத்து அதே வழியில வெளியே போயிரும். அழுத்தம் 85க்கு இறங்கினா வால்வு மறுபடி வேலைக்கு வரும். நடுவுல இந்த இடைவெளி இல்லேன்னா வால்வு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். நாங்க எழுதுற மென்பொருள்லயும் இதே உத்தி உண்டு.

பாரம் இறங்கினா இன்ஜின் வேகமெடுத்து ஓடணுமே? அங்கே கவர்னர் டீசலைக் குறைக்குது. மாவு மில்களில் இருந்த சுழலும் குண்டு அமைப்பை ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்தார். சில கவர்னர்கள் ஏன் நிலைகொள்ளாம ஊசலாடுதுன்னு 1868-ல் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டார்.

காத்தால் பாறை துளைக்கிறது பெரிசா நடந்தது 1861-ல், ஆல்ப்ஸ் மலைச் சுரங்கத்துல. அங்கே காத்தை அழுத்தியது தண்ணி விசை. 

மூணாவது, சேஃப்டி வால்வு. மூணுலயும் இதுதான் மூத்தது. 17-ம் நூற்றாண்டுல டெனி பாப்பான் தன் சமையல் கலத்துக்கு வெச்சது. நம்ம குக்கர் வெயிட்டுக்குத் தாத்தா. அன்லோடர் கைவிட்டா மட்டும்தான் இதுக்கு வேலை.

ஒரு கோடையில அது ஓயாம சீறிக்கிட்டே இருந்துச்சு. அன்லோடர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். வேலை தடைபடுதேன்னு ஒருத்தர் ஸ்பேனரால் அந்த வால்வையே இறுக்கிட்டார். சீறல் நின்னுச்சு, வேலையும் முடிஞ்சுது. எதுவும் ஆகல. கிணத்துக்குள்ள ரெண்டு பேர். டாங்கை ஒட்டி நாங்க நாலு பசங்க. அந்த வால்வு என்ன சொல்லிக்கிட்டிருந்துச்சுன்னு எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு.