மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் மதுரைச் சீமையும்

மதுரை காளவாசலுக்குப் பக்கத்தில் உள்ள சம்மட்டிபுரத்தில் கான்சாகிபின் தர்கா இருப்பது பலருக்குத் தெரியாது. மருதநாயகம் என்றால் உடனே தெரியும்! 1763-ல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட ஆங்கிலேயர், மழைக்காலத்தில் பின்வாங்கினார்கள். மறு வருடம் துரோகத்தால் பிடிபட்டவர், 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிடப்பட்டார்.

அன்றைய துப்பாக்கிக்கு இன்றைய தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் தீக்கல் உரசிப் பொறி பறக்கும். நம்மூர்த் துப்பாக்கிகள் பலவற்றில் எரியும் திரிதான். ஒரு முறை சுட்டால், மறுபடி முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும்! மழையில் நனைந்தால் மருந்தும் திரியும் வீண்.

ஆக, துப்பாக்கியை விலைக்கு வாங்கினால் மட்டும் போதாது. வெடியுப்பு, கந்தகம், கரி, ஈயம் தொடர்ந்து வர வேண்டும். விசை உடைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்தான்.

1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை! வாங்க ஆளில்லாத பொருளை எந்தக் கொல்லர் செய்வார்? 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது.

போரில் தோற்றதோடு முடியவில்லை. ஒரு கைத்தொழிலும் அதோடு போனது.