கணேஷ்–வசந்த்

கணேஷ், வசந்த் இருவரும் எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) படைத்த கற்பனை வக்கீல்கள். தமிழ் வாரப் பத்திரிகைகளில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் தொடர்கதைகளில் உலவியவர்கள். வசந்தின் பெயரை சுஜாதா 'வஸந்த்' என்றே எழுதினார். பழைய வாசகர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுவார்கள்.

இவர்களை உருவாக்கியவர் ஒரு தீவில் வளர்ந்தவர். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம். சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்த ரங்கராஜன், கீழச் சித்திரை வீதி வீட்டில் பாட்டியின் கண்காணிப்பில் வளர்ந்தார். உள்ளூர்ப் பள்ளியை முடித்துவிட்டு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். முதல் கதை 1953-இல் வெளியானதும் திருச்சியில்தான், திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' இதழில். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், டெல்லியில் விமானப் போக்குவரத்துத் துறை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வாழ்க்கை வெளியூர்களுக்குப் போய்விட்டது. குமுதம் வார இதழில் ஏற்கெனவே எழுத்தாளர் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு'தான் அவருடைய முதல் நாவல். ஒரு கொலை வழக்கின் கதை அது. அதில் வக்கீலாக எட்டிப் பார்த்தவன் கணேஷ். அப்போது தனி ஆள். ஜூனியர் வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் சீனியரின் பாதி வாசகர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கணேஷ் நிதானம், வாசிப்பு, தர்க்கம். வசந்த் வாய்த்துடுக்கு, பெண்களைக் கண்டால் வழிசல், 'பாஸ்' என்ற விளி. மெக்ஸிகோ சலவைக்காரி பற்றிய ஜோக் ஒன்றை வசந்த் அடிக்கடி ஆரம்பிப்பான். யாராவது குறுக்கிடுவார்கள், அல்லது கணேஷ் அதட்டுவான். அந்த ஜோக் கடைசிவரை முடியவே இல்லை. என்ன ஜோக் என்று ஆசிரியரை வாசகர்கள் பல வருடம் துளைத்தார்கள்.

வக்கீல் கதைகள் என்றாலும் கோர்ட்டில் நடப்பவை குறைவு. இந்த விஷயத்தில் தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நேர் எதிர். அங்கே கொலை வழக்கின் விசாரணையே நாவல். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெர்ரி மேஸனும் குறுக்கு விசாரணையில்தான் முடிச்சை அவிழ்ப்பார். கணேஷுக்குக் கறுப்பு கோட் ஒரு நுழைவுச் சீட்டு மட்டுமே. தனியார் துப்பறிவாளனுக்கு இங்கே சட்டத்தில் இடம் கிடையாது. ஸ்டேஷனில் அவனை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். வக்கீல் அப்படியில்லை. வக்காலத்து போட்டுவிட்டால் ஜெயிலில் கைதியைப் பார்க்கலாம், குற்றப் பத்திரிகையை வாங்கிப் படிக்கலாம், சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். முந்தைய துப்பறியும் கதைகளில் வந்த சங்கர்லால் வகைத் துப்பறிவாளர்களின் பழகிய பாதையை விட்டு சுஜாதா விலகியது இந்த ஒரு மாற்றத்தால்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

தொடரின் உச்சம் 1980-களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் காலம்'. சொத்து, வாரிசு, பழைய பங்களா, இரவில் தெரியும் பெண்ணுருவம். வசந்த் பேயை நம்பத் தொடங்குகிறான். கணேஷ் ஹாலோகிராம் என்ற விஞ்ஞான விளக்கத்தைத் தேடுகிறான். எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர் எழுதிய கதை என்பதால் விஞ்ஞானம் முழு வெற்றி பெறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சந்தேகத்தின் நூலிழை ஒன்றை ஆசிரியர் விட்டுவைக்கிறார். ஆனந்த விகடனில் வந்த 'ஆ..!'வில் ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்ற சொல்லில் முடியும். மற்றவற்றில் 'நிர்வாண நகரம்' குறிப்பிடத்தக்கது.

திரையில் இவர்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. 'காயத்ரி' (1977) படத்தில் கணேஷ் ஜெய்சங்கர். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ப்ரியா'வில் (1978) கணேஷ் ரஜினிகாந்த். ஸ்ரீதேவி நடிகை ப்ரியாவாக வந்தார். நாவலில் கணேஷ் போவது குளிர்ந்த லண்டனுக்கு. படத்தில் அதை வெயிலடிக்கும் சிங்கப்பூர்த் தீவாக மாற்றிவிட்டார்கள். ரஜினி படமாக அது பெரிய வெற்றிதான், ஆனால் நாவலின் கணேஷை அதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வளர்ந்த தீவை மட்டும் சுஜாதா கொலைக்கு விடவில்லை. இந்த வக்கீல்களின் புகழ்பெற்ற வழக்குகள் எதுவும் அங்கே நடப்பதில்லை. ஸ்ரீரங்கத்தை அவர் 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' சிறுகதைகளுக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அங்கே கிரிக்கெட் உண்டு, திண்ணைப் பேச்சு உண்டு, நிறைவேறாத காதலும் உண்டு. சாவுகூட வரும், ஆனால் அதில் துப்பறிய எதுவும் இருக்காது. பெங்களூரில் உட்கார்ந்து சென்னை வக்கீல் கதைகளையும் ஸ்ரீரங்கத்து வீதிகளையும் ஒரே பேனாவால் எழுதியவர், இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொண்டார். கணேஷ் ஒரு கொலையைத் துப்பறிய ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கியிருந்தால் வழக்கு திருச்சி செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கும். 2004 ஜூலைக்குப் பிறகென்றால் அப்பீலுக்கு அவன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.